உதடு பார்த்துச் சொன்ன வசனம்

அல்மேரியா
4 செப்டம்பர் 1967

என் அன்பு நிவேஸ்,

சுகமாக இருக்கிறேன். வாயைத் திறந்தால் புழுதி, மூடினால் ஈ. இந்த வருஷம் ஸ்பெயினில் எனக்கு இது மூன்றாவது படம். இந்த முறை முதல் ரீலிலேயே சுடப்பட்டுச் சாகிற கொள்ளைக்காரன் இல்லை உன் கணவன், காதலனாக்கும்! ஜோடி என்கார்னா என்ற ஸ்பானியப் பெண். நல்ல மாதிரி.

படப்பிடிப்பில் வழக்கம்போல ஒலிப்பதிவு கிடையாது. வில்லனாக நடிக்கிற ஜெர்மன்காரன் அவன் பாஷையில் திட்டுகிறான், எனக்கு வசனம் மறந்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிடுகிறேன். ரோமில் உங்கள் டப்பிங் கூட்டம் குரல் கொடுத்து என்னை மனிதனாக்கிவிடும் என்ற தைரியம்தான்.

பிள்ளை பெற்றுக்கொள்வதைப் பற்றி மறுபடியும் எழுதியிருக்கிறாய். ஒன்பது வருஷம் பொறுத்தவள், இன்னும் கொஞ்சம் பொறு. நவம்பர் முதல் தேதி, சகல புனிதர் திருநாளுக்கு வந்துவிடுவேன், பேசலாம்.

உன்
துல்லியோ

ரோம்
1 அக்டோபர் 1967

அன்புள்ள துல்லியோ,

நாலு வாரமாக ஒரு வரி இல்லை. கையில் சுளுக்கா, மனசில் சுளுக்கா?

போகட்டும், சேதி கேள். உன் படம் எங்கள் கூடத்துக்கே வந்துவிட்டது! உனக்குக் குரல் நம் கமீல்லோ. உன் காதலிக்கு யார் தெரியுமா? நான்தான். எங்கள் டப்பிங் டைரக்டர், “ஏம்மா நிவேஸ், சொந்தப் புருஷனைக் காதலிக்கக் கூலி வாங்குற முதல் ஆளு நீதான்”னு சொல்ல, கூடமே சிரித்தது. எனக்கும் வெட்கமாகப் போயிற்று.

ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை ஆரம்பம். நீ வருவதற்குள் சின்ன அறையை ஒழித்து வைக்கிறேன். எதற்கென்று கேட்காதே. எனக்கு முப்பத்தாறு ஆகிறது, துல்லியோ.

உன் வருகைக்குக் காத்திருக்கும்
நிவேஸ்

அல்மேரியா
7 அக்டோபர் 1967

நிவேஸ்,

உன் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. அந்தப் படத்தை நீ செய்யாதே. உங்கள் கூட்டத்தில் இருக்கிற இல்தேயிடம் கொடுத்துவிடு. உனக்குத் தொண்டை சரியில்லை என்று சொல்லிக்கொள். காரணத்தை நேரில் சொல்கிறேன். கெஞ்சிக் கேட்கிறேன்.

துல்லியோ

ரோம்
13 அக்டோபர் 1967

துல்லியோ,

உன் கடிதம் நேற்றுதான் வந்தது. செவ்வாய்க்கிழமையே முடித்துவிட்டோம்.

எங்கள் வேலை உனக்குத் தெரியாததா? படத்துண்டை வளையமாக ஒட்டி, வாயும் வசனமும் சேரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டுவோம். தோட்டத்தில் நீ அவளிடம் விடைபெறும் காட்சி. சத்தமே இல்லை. முதலில் நீ எண்ணுகிறாய் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் சுற்றில் உன் உதடு புரிந்தது. “ராத்திரி பூரா உதைச்சானா?” என்று கேட்கிறாய். அவள், “உன் பிள்ளைதானே, சும்மா கிடப்பானா?” என்கிறாள். நம் பாஷையை அவளுக்கு நன்றாகவே சொல்லிக் கொடுத்திருக்கிறாய். உன் கை அவள் வயிற்றில் இருந்தது.

மைக் இல்லை என்று தைரியமாகப் பேசிவிட்டாய். பதினைந்து வருஷமாக உதடு பார்த்தே சோறு தின்கிறவர்கள் நாங்கள் என்பது எப்படி மறந்தது? நான் மட்டுமா படித்தேன்? கமீல்லோ காகிதத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். டைரக்டர் விளக்கைப் போடச் சொல்லிவிட்டு, “வேணாம்மா, நீ வீட்டுக்குப் போ. வேற ஆள வச்சு எடுத்துக்கலாம்” என்றார்.

“இல்ல, ஓட்டுங்க” என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவமானம் என்றால் முழுசாகவே பட்டுவிடலாம் என்று தோன்றியது.

அவள் வாய்க்கு எனக்குக் கொடுத்திருந்த வசனம், “எத்தனை வருஷமானாலும் உனக்காகக் காத்திருப்பேன்.” அது அவள் உதட்டோடு சேரவே இல்லை. இருபத்திரண்டு தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் நீ அவள் வயிற்றைத் தொட்டுக்கொண்டு நின்றாய். கடைசியில் பொருந்திவிட்டது. பிரமாதம் என்றார்கள். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

பிள்ளை வேண்டாம் என்றல்ல, என்னிடம் வேண்டாம் என்றுதான் ஒன்பது வருஷமும் சொல்லியிருக்கிறாய். இதை நேரே சொல்லியிருக்கலாம்.

திருநாளுக்கு வராதே. அந்தக் குழந்தைக்கு அப்பன் பக்கத்தில் இருக்கட்டும். உன் துணிமணியைக் கமீல்லோ வீட்டில் கொடுத்து வைக்கிறேன்.

பிறந்ததும் எனக்கு எழுதிவிடாதே. ஆணா பெண்ணா, யார் சாயல் என்றெல்லாம் கேட்டுப் பதில் போட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

நிவேஸ்