கலீலின் ஏழாவது அட்டை

என் ஆயுள்கால வயிற்றெரிச்சலே, அன்புள்ள கலீலே,

வருகிற வெள்ளிக்கிழமையோடு நீ போய் ஒரு வருஷம். இந்த ஒரு வருஷத்தில் நான் பொறாமைப்பட ஆரணியில் ஒரு ஆள் கிடைக்கவில்லை. ஆற்காடு தொடங்கி வந்தவாசி வரைக்கும் சல்லடை போட்டுத் தேடிவிட்டேன். யாரைப் பார்த்தும் நெஞ்சு புகையவில்லை. எல்லாரும் என்னை மாதிரியே இருக்கிறார்கள். இப்படி ஒரு உலகத்தில் என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போக உனக்கு எப்படி மனசு வந்தது?

முதலில் உன் ஜனாஸா ஊர்வலத்தின் கணக்கைத் தீர்த்துக்கொள்வோம். முன்னால் போனவர்கள் கபர்ஸ்தானில் போய் நின்றபோது, பின்னால் வந்தவர்கள் உன் வீட்டு வாசலில் இன்னும் செருப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு லட்சம் பேர் என்று நான் ஊரெல்லாம் சொன்னேன். என் வீட்டுக்காரி சரோஜா இருநூறு என்றாள். என் வாயிலிருந்து எந்த எண் வந்தாலும் மூன்று சைபரைக் கழித்துக்கொண்டுதான் அவள் காதில் வாங்குவாள், உனக்குத் தெரியாததா.

"எனக்கு எத்தினி பேரு வருவாங்க?" என்று அன்றைக்கே அவளைக் கேட்டேன்.

"கலீல் அண்ணன் கட்டாயம் வந்திருப்பாரு. இப்ப அதுவும் போச்சு" என்றாள்.

பார்த்தாயா, என் சாவிலும் நீதான் முக்கிய விருந்தாளி.

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்று சொல்லி வைக்கிறேன். நீ அட்டை குத்துகிறவன். பட்டுச் சேலையில் அன்னம் எங்கே கழுத்தைத் திருப்ப வேண்டும், மாங்காய் எங்கே வளைய வேண்டும் என்று தறிக்கு மேலே சுற்றும் அட்டைகளில் ஓட்டை போட்டு வைப்பவன். நான், நடேசன், அந்த அட்டையை மாட்டி நெய்கிறவன். கை கால் வலிப்பது எனக்கு. "கலீல் பாய் அன்னம் என்னமா நீந்துது பாரு" என்கிற பேர் உனக்கு.

ஒரே ஒரு ஓட்டை இடம் மாறி விழுந்தால் போதும். அட்டை சுற்றி வருகிறபோதெல்லாம் அந்தத் தப்பும் கூடவே வரும். கண்ணில்லாத அன்னம் முந்தி வரைக்கும் வரிசையாக நீந்தும். உன் அட்டையில் அப்படி ஒன்று விழவேண்டும் என்று பதினேழு கோவில்களுக்கும், பாரபட்சம் இல்லாமல் உங்கள் தர்கா ஒன்றுக்கும் வேண்டிக்கொண்டேன். எங்கேயும் பலிக்கவில்லை. அப்படியே எப்போதாவது தப்பினாலும் நீயே கண்டுபிடித்து, ஓட்டையின் மேல் காகிதம் ஒட்டி, சரியான இடத்தில் மறுபடி குத்திவிடுவாய்.

தொழிலோடு விட்டாயா? ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுக் கூட்டத்திலும் வந்து உட்கார்ந்தாய். மாடிக் கூடம், கிழிந்த ஜமுக்காளம், கரகரக்கும் மைக். அடுத்த வாரத் தலைப்பைச் சொன்னதும், பைக்குள் கையை விட்டு நூல் சுற்றிய தார் ஒன்றை எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் தலைப்புக்கு ஆதரவு, பச்சை வந்தால் எதிர்ப்பு. சொந்தக் கருத்து என்னவாக இருந்தாலும் கையில் வந்த பக்கத்துக்குத்தான் பேச வேண்டும். ஜெயித்தவருக்குப் பட்டுத் துண்டு. வேறு ஊரில் துண்டு போர்த்தினால் உடனே கைதட்டுவார்கள். நம் ஊரில் முன்வரிசையிலிருந்து ஒருத்தர் எழுந்து வந்து, ஓரத்தில் ஒரு இழையை உருவி, தீக்குச்சி உரசிக் கொளுத்தி மோந்து பார்ப்பார். முடி கருகிய வாசனை வந்தால் அசல் பட்டு. கைதட்டல் அதற்கு அப்புறம்தான்.

உன் வீட்டு பீரோவில் இருபத்துமூன்று துண்டு. என் வீட்டில் ஒன்று. அந்த ஒன்றைப் பற்றிப் பேசத்தான் இந்தக் கடிதம்.

முப்பது வருஷம் இருக்குமா? உன் பர்வீன் அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அன்றைக்குத் தலைப்பு, பிரிவினைக்கு முன்னால் முஸ்லிம்கள் தனிநாடு கேட்டதற்குக் காரணம் இருந்தது என்பது. பச்சை எனக்கு வந்தது. காரணமும் இல்லை கத்தரிக்காயும் இல்லை, நாலு தலைவர்களின் நாற்காலி ஆசை என்று நான் பேச வேண்டும். சிவப்பு உனக்கு. தாரைப் பார்த்ததும் உன் முகம் சுருங்கியது.

"மச்சான், மாத்திக்கலாமா?" என்று காதோடு கேட்டாய்.

"ரூல்ஸு ரூல்ஸுதான்" என்றேன், சட்டத்தையே நான்தான் எழுதின மாதிரி. உண்மையைச் சொல்கிறேன். கஷ்டமான பக்கத்தில் நின்று நீ ஒரு தடவையாவது தோற்பதைப் பார்க்க எனக்கு ஆசை.

அடுத்த ஞாயிறு கையில் குறிப்போடு நீ எழுந்தாய். "காரணம் இருந்திச்சின்னு சொல்றது வேற, செஞ்சது சரின்னு சொல்றது வேற. ரெண்டையும் ஒரே தார்ல சுத்திடாதீங்க" என்று ஆரம்பித்தாய். அந்த முதல் வரியிலேயே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

"வெள்ளைக்காரன் போவப் போறான்னு தெரிஞ்சதும் எல்லாரும் தலைய எண்ண ஆரம்பிச்சாங்க. எண்ணினா எப்பவும் நம்ம கைதான் கம்மியா இருக்கும், நாம எப்பவுமே தோத்துகினே இருப்போம்னு ஒரு பயம். அந்தப் பயத்துக்கு முன்னாடியே ஓட்டுப் பட்டியல மதத்தால பிரிச்சு வெச்சிட்டான் வெள்ளைக்காரன். தனி வரிசையில நின்னு பழகினவனுக்குத் தனி வீடு வேணும்னு தோணாதா?"

வடக்கே கோர்ட்டு கச்சேரியில் எந்த எழுத்தில் மனு எழுதுவது என்பதற்கே சண்டை நடந்ததைச் சொன்னாய். ஒரு எழுத்து போனால் அதைப் படித்தவனின் உத்தியோகமும் கூடவே போகும் என்றாய். மாகாணங்களில் மந்திரிசபை வந்தபோது, எங்களை யாரும் கேட்கவே இல்லையே என்று அவர்களுக்கு ஏற்பட்ட மனத்தாங்கலைச் சொன்னாய். "வங்காளத்துல குடியானவன் ஜமீன்தார்கிட்டேந்து தப்பிக்கலாம்னு தனிநாடு கேட்டான். பஞ்சாப்ல ஜமீன்தாரே தன் நெலம் தங்கும்னு கேட்டான். கோஷம் ஒண்ணுதான், கேட்ட காதுங்க வேற வேற" என்றாய்.

அப்புறம் குரலை இறக்கினாய். "நம்ம பக்கத்துலயும் எங்க ஆளுங்க நெறைய பேரு அதுக்கு ஓட்டுப் போட்டாங்க. ஓட்டே சொத்தும் படிப்பும் இருக்கறவனுக்குத்தான் அப்போ. ஆனா ஊர விட்டுப் போவணும்னு போட்டவங்க எத்தினி பேரு? கோடு எங்க விழும்னே யாருக்கும் தெரியாது. வேணாம்னு சொன்ன முஸ்லிமுங்களும் இருந்தாங்க. அந்தச் சத்தத்துல அவங்க பேசினது யாருக்கும் கேக்கல."

கூடத்து மூலையில் டீ ஊற்ற வந்திருந்த டீக்கடை மணி டம்ளர் கழுவுவதையே நிறுத்திவிட்டான். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாளே என் சரோஜா, என் கல்யாணத்தன்றுகூட அவள் அப்படிக் கண்ணை அகல விரித்துப் பார்த்ததில்லை.

என் முறை வந்தது. என் பையில் பன்னிரண்டு பாயிண்ட் இருந்தது, கலீல். நல்ல பாயிண்டுகள். தலைவர்களின் பிடிவாதம், பேசித் தீர்த்திருக்கக்கூடிய இடங்கள், பிரிந்ததால் செத்தவர்கள். ஒன்றையும் எடுக்கவில்லை. மைக்கைப் பிடித்து இதைச் சொன்னேன்:

"இத்தினி காரணத்த மனப்பாடமா வெச்சிகினு இருக்கியே கலீலு, ஊட்ல பொட்டி கட்டி ரெடியா வெச்சிருக்கியா? சொல்லு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானே தூக்கியாறேன்!"

சிரிப்பு என்றால் சிரிப்பு. கூரை பிய்த்துக்கொண்டு போய்ப் போளூரில் விழுந்தது. நீயும் சிரித்தாய். பதில் சொல்ல உனக்கு இரண்டு நிமிஷம் உண்டு. மைக்குக்கு வந்தாய். கையிலிருந்த குறிப்பைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "எனக்கு வேற ஒண்ணும் இல்லீங்க" என்று போய் உட்கார்ந்தாய்.

துண்டு எனக்கு. இழை உருவினார்கள், கொளுத்தினார்கள், வாசனை அசல். முதல் ஆளாக வந்து கையைக் குலுக்கியவன் நீ. "நல்லா பேசின மச்சான்."

அதற்கப்புறமும் நீ ஒரு ஞாயிறு தவறவில்லை. காபியா டீயா, மாமியாரா மருமகளா, எல்லாவற்றிலும் என்னைத் தோற்கடித்தாய். ஆனால் பேச்சு சுதந்திரம், பிரிவினை, எல்லை என்று திரும்பினால் மட்டும், "டீ இன்னா ஆச்சுன்னு பாத்துட்டு வரேன்" என்று எழுந்து போனாய். உனக்கு 'டீ மந்திரி' என்று பேர் வைத்து அதற்கும் சிரிக்க வைத்தேன். ஏன் எழுந்து போகிறாய் என்று ஒரு நாளாவது கேட்டேனா?

இப்போது நடப்புக்கு வருகிறேன். போன வாரம் ஒரு நாள் சாயங்காலம் பர்வீன் ஸ்கூட்டியில் வந்தாள். வந்தவாசிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் எடுக்கிறாள், அது உனக்குத் தெரியும். அந்த வாரம் எடுத்தது அதே பாடம், தனிநாடு ஏன் கேட்டார்கள் என்பது. எடுத்துவிட்டு ஆசிரியர்கள் அறையில் சாப்பிட உட்கார்ந்திருக்கிறாள். தினமும் அவளோடு குழம்பு மாற்றிக்கொள்ளும் டீச்சர் ஒருத்தி சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறாள்: "உங்க வீட்லயும் பெட்டி கட்டி வெச்சிருந்தாங்களா மிஸ்?"

"வெளயாட்டாத்தான் கேட்டாங்க மாமா. நானும் சிரிச்சிட்டேன்" என்றாள் பர்வீன். "அப்புறம் சோறுதான் எறங்கல."

முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் தப்பாகக் குத்திய ஓட்டை, சுற்றிக்கொண்டு உன் மகள் சேலைக்கு வந்துவிட்டது.

அவள் பையிலிருந்து அட்டைக்கட்டு ஒன்றை எடுத்தாள். நீ கழித்துப்போட்ட அட்டைகள். முதுகுப் பக்கத்தில் உன் கையெழுத்து. மூலையில் ஓட்டை போட்டு, தறியில் மாட்டுகிற மாதிரியே வரிசையாக நூலில் கோத்திருந்தாய். "அப்பா எப்பவோ இதே தலைப்புல ஞாயித்துக்கெழம கூட்டத்துல பேசினாராமே, அதுக்குக் குறிப்பு மாமா. யாராச்சும் இப்படிக் கேட்டா இன்னா பதில் சொல்லணும்னு எழுதியிருப்பாரோன்னு தேடினேன். ஏழாவதப் பாருங்க."

கலீல், நீ எழுதியிருந்தாய். மேலே, 'பெட்டி கட்டினியா என்று யாராவது கேட்டால்.' அதன் கீழே பதில்: 'காய்ச்சல் ஏன் வந்துச்சின்னு சொல்ற டாக்டருக்கே காய்ச்சல்னு அர்த்தமா? போனவன் ஏன் போனான்னு தெரிஞ்சிக்கினாத்தான், இருக்கறவன் ஏன் இருக்கான்னு புரியும்.'

அதற்கும் கீழே ஒரு பட்டியல், கேட்கக்கூடியவர்கள் யார் யார் என்று. 'டீக்கடை மணி, விளையாட்டுக்கு. போஸ்டாபீஸ் பெரியவர், கோபத்தில்.' கடைசியில் அடிக்கோடு போட்டு ஒரு வரி.

'நடேசன் கேட்க மாட்டான்.'

"அப்பாவுக்கு உங்க மேல எவ்ளோ நம்பிக்கை பாருங்க" என்று சிரித்தாள் உன் மகள். "அன்னிக்கி யாராச்சும் கேட்டாங்களா மாமா?"

எதிர்வீட்டுக்காரன் மூன்றாம் வகுப்பில் வாங்கிய மார்க்கைக்கூட மறக்காத நான் சொன்னேன்: "ஞாபகம் இல்லம்மா."

சமையலறை வாசலில் சரோஜா நின்றிருந்தாள். பர்வீனின் ஸ்கூட்டி தெருமுனை திரும்புகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்: "இத்தினி வருசமா ஆயிரம் பெரிய பெரிய பொய் சொல்லிக்கிற. எல்லாத்தையும் சிரிச்சிகினே கேட்டேன். இன்னிக்கி சின்னதா ஒண்ணு சொன்ன பாரு, அதத்தான்யா தாங்க முடில."

அதில் கழிக்க அவளுக்கு ஒரு சைபர்கூட இல்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே பேஜார். அந்தப் பதிலை நீ சொல்லியிருந்தால் நான் அங்கேயே காலி. கையில் வைத்துக்கொண்டு ஏன் சொல்லவில்லை? மணிக்காக எழுதிய பதிலை என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லையா? இல்லை, இவனும் ஒரு தடவை ஜெயித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுக்கொடுத்தாயா? வலித்துத்தான் பேசாமல் உட்கார்ந்தாய் என்றால், முப்பது வருஷம் பக்கத்தில் இருந்தும் ஒரு வார்த்தை கேட்காத எனக்கு என்ன பேர் வைப்பது? விட்டுக்கொடுத்தாய் என்றால், அதுவும் தாங்காது. எனக்கென்று இருந்த ஒரே ஒரு வெற்றியும் நீ போட்ட பிச்சையா?

இவன் கேட்க மாட்டான் என்று யாரைப் பற்றியாவது நான் அடிக்கோடு போட்டு எழுதியிருப்பேனா? மாட்டேன். உன்னைப் பற்றிக்கூட எழுதியிருக்க மாட்டேன். ஒரு ஆளை நம்புவதில்கூட உனக்குத்தான் முதல் பரிசு, பாவி. என் வாழ்க்கையிலேயே உன்மேல் நான் பட்ட பெரிய பொறாமை இதுதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவுக் கூட்டம், அதே மாடிக் கூடத்தில். நான்தான் பேச வேண்டுமாம். என் சிநேகிதத்தால் நீ எப்படி இமயமலை உயரத்துக்கு வளர்ந்தாய் என்று நாற்பத்திரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன். அட்டைக் கட்டைப் பர்வீனிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். உன் ஏழு அட்டைகளையும், நீ சொன்ன அதே வரிசையில், ஒரு வார்த்தை கூட்டாமல் படிக்கப்போகிறேன். நான் ஒரு வார்த்தை கூட்டாமல் பேசுவதைப் பார்க்க நீ இல்லையே என்பதுதான் குறை.

முன்வரிசையில் பர்வீன் உட்கார்ந்திருப்பாள், பக்கத்தில் சரோஜா. ஏழாவது அட்டையின் பதிலை ஜன்னலுக்கு வெளியே தெருவுக்கும் கேட்கிற மாதிரி படிப்பேன். அடிக்கோடு போட்ட வரியையும் படிப்பேன். உன் நூலிலேயே எட்டாவதாக ஒரு வெற்று அட்டையைக் கோத்து, அதில் நானும் ஒரே வரி எழுதியிருக்கிறேன். குத்திய ஓட்டையை எடுக்க முடியாது, மேலே காகிதம்தான் ஒட்டலாம் என்பாயே, அந்தக் காகிதம் இது. பர்வீனின் முகத்தைப் பார்த்து அதைப் படித்துவிட்டு, அந்தப் பட்டுத் துண்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, மேடையை விட்டு இறங்கிவிடுவேன். அவள் அதற்கப்புறம் என்னை மாமா என்று கூப்பிடுவாளா என்று தெரியாது. கூப்பிடாவிட்டாலும் படிப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு, கலீல். இதில் சைபர் எதையும் கழிக்க வேண்டாம்.

எட்டாவது அட்டையில் இருப்பது இதுதான்:

'நடேசன்தான் கேட்டான்.'

இப்படிக்கு,
உன் மகளிடம் பொய் சொன்ன மாமன்,
உனக்கு அன்றும் இன்றும் வயிறெரிகிற மச்சான்,
நடேசன்