கடைசியாகத் திருத்தியவர்

இன்று காலை தேத்தண்ணியோடு கணினியைத் திறந்தால், உனக்கு ஒரு கேள்வி வந்திருந்தது. நம்முடைய நூலக மென்பொருளின் பொதுப் பெட்டிக்குத்தான் அனுப்பியிருந்தார், ஆனால் கூப்பிட்டது உன்னை. இரத்மலானைப் பக்கம் ஒரு பாடசாலை நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண். சில புத்தகங்களின் பதிவுகள் காணாமல் போய்விட, முன்பு எடுத்துவைத்த பிரதியிலிருந்து அவற்றை மீட்கப் பார்த்திருக்கிறார்.

"அக்கா, இப்ப இருக்கிற பதிவெல்லாம் அழியும், சம்மதமோ எண்டு கேக்குது. உங்கட உதவிப் பக்கத்தில, பயப்படாதீங்கோ, ஒண்டும் அழியாது எண்டு இருக்கு. நான் ஒரு பட்டனையும் அமத்தாமல் இருக்கிறன். எதை நம்புறது?"

நீ எழுதியபோது அது உண்மை. மென்பொருளின் புதிய பதிப்பில் ஒரு பெட்டியில் குறியிட்டால்தான் விடுபட்டவை மட்டும் சேரும். குறியிடாவிட்டால் உள்ளதும் போய்விடும். உதவிப் பக்கத்தை அப்போதே மாற்றியிருக்க வேண்டும். நான் மாற்றவில்லை.

ஏன் என்று உனக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'கடைசியாகத் திருத்தியவர்' என்று ஒரு பெயர் தானாக வரும் அல்லவா? திறந்த மூல மென்பொருள், யாரும் வந்து திருத்தலாம். நீ போன பிறகு தன்னார்வலர்கள் ஒவ்வொரு பக்கமாகத் திருத்த, உன் பெயரும் ஒவ்வொன்றாகப் போனது. இந்த ஒரு பக்கம்தான் மிச்சம். ஒரு காற்புள்ளியைத் தொட்டாலும் உன் பெயர் இருக்கும் இடத்தில் என் பெயர் வந்துவிடும். யாராவது கை வைக்கப் போனால் "நான் பார்க்கிறேன்" என்று சொல்லித் தடுத்துவந்தேன். பழைய பதிப்புகளின் வரலாற்றில் உன் பெயர் அழியாமல் இருக்கும்தான். அங்கே போய் யார் பார்க்கிறார்கள்?

சனிக்கிழமைகளில் நீ கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் பிடித்து, வெள்ளவத்தையில் இறங்கி, மீன் வைத்த மாலு பாண் வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருவாய். கட்டிலில் எனக்கு உட்கார இடம் இருக்காது. மக்கள் கேட்ட கேள்விகளையெல்லாம் துண்டு துண்டாக வெட்டி அதில் பரப்பிவைத்திருப்பாய். மென்பொருளின் மெனு எப்படி இருக்கிறதோ அந்த வரிசையில் பக்கங்களை அடுக்குவோம் என்றேன் நான். நிரல் எழுதியவளுக்கு அதற்கு மேல் புத்தி போகாது.

"மெனுவைப் பாத்து ஒருத்தரும் அழுறேல்ல," என்றாய். "புத்தகம் துலைஞ்சாத்தான் அழுவினம். அதைத் தலைப்பாப் போடு."

நான் எழுதிக் கொடுத்தவற்றை நீ சோதித்த விதத்தை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. நான் வாசிக்க வேண்டும், சொன்னதை மட்டும் நீ செய்வாய். 'பின்னர் சேமிக்கவும்' என்று வாசித்தால் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருப்பாய்.

"என்னடி, சேமியன்."

"எங்க எண்டு நீ சொல்லேல்லையே. நான் இப்பிடியே இருக்கிறன்."

இந்தப் பக்கத்துக்கும் சண்டைதான். பயப்படாதீங்கோ என்றெல்லாம் கையேட்டில் எழுதுவதில்லை என்று நான் சொன்னேன். "பயந்துபோய்த்தானே வருவினம்," என்றாய் நீ. "முதல் அதைச் சொல்லாமல் பட்டனைப் பற்றிக் கதைச்சா விளங்குமே?"

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, "காய்ச்சலடி, நாளைக்கு வரேல்ல" என்று ஒரு செய்தி. டெங்கு. அடுத்த சனிக்கிழமை உன்னைப் பார்க்க நான்தான் கொட்டாஞ்சேனைக்கு வந்தேன். செத்த வீட்டில் உன் மாமி என்னிடம், "பிள்ளை ஆர்? பாங்கில அவளோட வேலை செய்யிறனீங்களோ?" என்று கேட்டார். இல்லை, சேர்ந்து உதவிப் பக்கங்கள் எழுதினோம் என்று அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? தலையை மட்டும் ஆட்டினேன். உனக்கு நான் யார் என்பதற்கு அந்த வீட்டில் ஒரு சொல் இருக்கவில்லை. வெளியே வந்து தெருவில் நின்று அழுதேன்.

இன்று அந்தப் பெண்ணுக்கு முதலில், என் பெயரிலேயே, "ஒன்றையும் அமத்தாதீர்கள், அரை மணித்தியாலம் தாருங்கள்" என்று எழுதினேன். பிறகு உன் பக்கத்தைத் திறந்தேன். 'ஒன்றும் அழியாது' என்பதை அழித்தேன். 'பயப்படாதீங்கோ' என்பதை விட்டுவைத்தேன். புதிய படிகளை எழுதி, ஆளில்லாத அறையில் உரக்க வாசித்து, வாசித்ததை மட்டும் செய்துபார்த்தேன். எங்கே என்று சொல்லாத இடத்தில் என் கை தானாக நின்றது. இப்போது எதை எழுதினாலும் இப்படித்தான். உன்னிடமிருந்து என்னோடு தங்கியது இதுதான். எனக்கு இது போதாது. நீ வேண்டும்.

சேமித்தேன். பக்கத்தின் அடியில் என் பெயர் வந்தது. பார்க்க முடியாமல் திரையை மூடிவிட்டேன்.

மத்தியானம் அந்தப் பெண்ணிடமிருந்து பதில் வந்தது. "எல்லாம் திரும்பி வந்திட்டுது. அக்காவிட்ட ஒருக்கா சொல்லிவிடுங்கோ."

நீ இல்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. சொல்கிறேன் என்று பதில் போட்டுவிட்டேன். ஒப்புக்கொண்டபடியால் சொல்கிறேன், கேள்: எல்லாம் திரும்பி வந்துவிட்டதாம்.