ஆம்ஸ்டர்டாமில் நீ கேட்ட சைக்கிள்கள்

என் அன்பு அக்கா,

நீ கேட்ட படங்களை எடுத்துவிட்டேன். ஆசிரியப் பயிற்சிக்காக இரண்டு வாரம் ஆம்ஸ்டர்டாம் போய், போன மாதம்தான் டிக்கோயா திரும்பினேன். நீ இருந்திருந்தால் படம் பார்க்கும் அவசரத்தில் ஹட்டன் ஸ்டேஷனுக்கே வந்து நின்றிருப்பாய், இல்லையா?

தேயிலைத் தோட்டத்தில் பிரசவம் பார்க்கும் மருத்துவமாதாக நீ லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் சைக்கிளில் போனபோது எத்தனை பேர் சிரித்தார்கள்! நீ இறங்கவே இல்லை. வெளிநாட்டுத் தெருக்களில் ஓடிய பழைய சைக்கிள்களின் படங்களைப் போனில் சேர்த்துவைத்து, "நம்மள்ல யாராச்சும் அங்கிட்டுப் போனா, இதுகள நேர்ல பாத்துப் படம் புடிக்கணும்டி" என்றாய். அந்தப் போன் இப்போது என்னிடம்.

பயிற்சி முடிந்த மாலைகளில் அந்தப் பழைய சைக்கிள்களைத் தெருத்தெருவாகத் தேடிப் படம் எடுத்தேன். கடைசி நாள், தூறலில், ஒரு வீட்டு வாசலில் இன்னொன்றைக் கண்டேன். கறுப்பு நிறப் பெண்கள் சைக்கிள். பாவாடை சிக்காமலிருக்கப் பின்சக்கரத்தில் நூல்வலை. உன் சேலை சக்கரத்தில் சிக்கி நீ விழுந்த பிறகு, உரச்சாக்கு நூலைப் பிரித்துப் பின்னிக் கட்டினாயே, அதே வலை! உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

குனிந்து படம் எடுக்கும்போது கதவு திறந்தது. "என் சைக்கிளை ஏன் படம் எடுக்கிறீர்கள்?" என்று ஒரு வயதான பெண்மணி ஆங்கிலத்தில் அதட்டினார். சைக்கிளோடு நீ நிற்கும் படத்தைக் காட்டி, உன்னைப் பற்றிச் சொன்னேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு பூட்டைத் திறந்து, "ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்" என்றார்.

"எனக்கு ஓட்டத் தெரியாது."

நீ எத்தனை முறை பழகக் கூப்பிட்டாய்? நாலு பேர் சிரிப்பார்கள் என்று நான்தானே மறுத்தேன்? நாற்பத்தாறு சைக்கிள்களைப் படம் பிடித்தவளுக்கு ஒன்றில்கூட ஏறத் தெரியவில்லை.

வந்ததும் உன் சைக்கிளுக்கு டயர் மாற்றினேன். ஞாயிறுதோறும் தோட்டத்து மைதானத்தில் பழகுகிறேன். முழங்கால் இரண்டும் உரிந்துவிட்டன. பக்கத்து லயத்து மாரியாயி, "டீச்சரம்மா, இந்த வயசுல ஒங்களுக்கு எதுக்குங்க இது?" என்றார்.

"இந்த வயசுலயாவது வேணும்ங்க" என்றேன். சிரித்துவிட்டு, அவரே வந்து சீட்டைப் பிடித்துக்கொண்டார். போன ஞாயிறு அவர் எப்போது கையை விட்டார் என்றே எனக்குத் தெரியாது!

அக்கா, வரும் தைப்பொங்கலன்று ஹட்டன் வரை, பஸ் ரோட்டில், பட்டப்பகலில் ஓட்டிப் போவேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நான் மணியடித்துக்கொண்டே போவேன்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
விஜயா