குளியல் தொட்டியில் உருளைக்கிழங்கு

அல்டூனா,
1916 செப்டம்பர் 10, ஞாயிறு

என் கண்ணு லோட்டிக்கு அம்மா எழுதுவது. உன் அப்பாவின் இருமலைத் தவிர இங்கே எல்லோரும் சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தை க்ளைடும் நல்லபடியாக இருக்க வேண்டும். உன் அண்ணன் மகள் வில்லா உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்துவிட்டாள், நம் குடும்பத்தில் அந்த வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அவள் தம்பி எல்மர் தேவாலயத்தில் தனியாகப் பாடினான், கடைசி வரியை மறந்து நின்றான், நான் எடுத்துக்கொடுத்தது பாதிரியாருக்கே கேட்டுவிட்டதாம், ஆனாலும் என்ன குரல் அவனுக்கு!

சரி, என் கூத்தைக் கேள். எட்டு மணி நேர வேலை கொடுக்காவிட்டால் ரயிலை நிறுத்துவோம் என்று அப்பாவின் ரயில்வே சங்கம் சொன்னதுமே நான் பதறிப்போய் உனக்கு வராதே என்று தந்தி அடித்தேன் அல்லவா, அதோடு விட்டேனா, தபால் நிலையத்துக்குப் பேர் வைக்கவே வருஷக்கணக்கில் பேசுகிற வாஷிங்டன்காரர்கள் ஒரு வாரத்தில் எட்டு மணி நேரச் சட்டம் போடுவார்களா என்று ஷூமேக்கர் மளிகைக் கடையில் நின்று ஊருக்கே பாடம் நடத்தினேன், ஐந்தாம் வகுப்போடு நின்ற நான். பஞ்சம் வரப்போகிறது என்று உருளைக்கிழங்கு வாங்கிக் குவித்தேன், நிலவறை நிரம்பி மிச்சத்தைக் குளியல் தொட்டியில் கொட்டினேன். பார்த்தால் சட்டம் நிறைவேறி, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் ஜனாதிபதி கையெழுத்தும் போட்டுவிட்டார். ரயில் ஒன்றுகூட நிற்கவில்லை. இஞ்சின் கரியோடு வந்த உன் அப்பா தொட்டியைப் பார்த்துவிட்டு, அடியே, நாங்க ரயிலை நிறுத்துறதுக்குள்ள நீ என் குளியலை நிறுத்திட்டியே என்றார். ஷூமேக்கரோ, வாஷிங்டன்காரங்க வேணும்னா சட்டத்தத் திருப்பி எடுத்துக்கட்டும், நான் கிழங்கத் திருப்பி எடுக்க மாட்டேன்மா என்று கையை விரித்துவிட்டான். மூன்று வேளையும் கிழங்குதான்.

புது வருஷத்திலிருந்து எட்டு மணி நேரம்தான் ஒரு நாள் வேலை என்று கணக்கு, அதற்கு மேல் ஓட்டினால் தனிச் சம்பளம். மனுஷர் நாள் முழுக்க வீட்டில் என் காலைச் சுற்றுவாரே என்று முதலில் கவலைப்பட்டேன். ஆனால் நேற்று அவர் சொன்னார், சின்ன வயசுல லோட்டி தூங்கறதத்தான் நான் அதிகம் பாத்திருக்கேன், அவ பிள்ளையையாவது முழிச்சிருக்கறப்ப பாக்கணும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். என் தந்தியைக் கிழித்துப்போட்டுவிட்டுப் புறப்பட்டு வந்துவிடு, ரயிலெல்லாம் ஓடுகிறது.

கர்த்தர் உங்கள் மூவரையும் காக்கட்டும். குழந்தையின் காதை மூடியே வை, அங்கே குளிர் சீக்கிரம் வரும்.

உன் அம்மா,
ஹல்டா

பி.கு. நீ அனுப்பிய படத்தை அப்பா இஞ்சினில் மாட்டிக் கரியாக்கிவிட்டார். அதிலும் பிள்ளை தூங்குகிறான். நீ வந்து சேருவதற்குள், அவன் கண் திறந்திருக்கும்போது புதிதாக ஒரு படம் எடுத்து அனுப்பு.