ஐந்து நட்சத்திரம், ஜெய்ஹிந்த்

ஜூன் 9, 2025 - திங்கள்

ராஜபாளையம் பஸ்ஸில் இன்றைக்கு உட்கார இடம் கிடைத்தது. ஹாஜரா போனில் சொன்னதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். வாரம் மூன்று பதிவு போட வேண்டும். அதில் ஒன்று ரீல்ஸ். அதில் என் முகம் தெரிய வேண்டும். "அக்கா, புக்கை மட்டும் காட்டுனா யாரும் நின்னு பாக்க மாட்டாங்க. நீங்க பேசணும்." ஹாஜரா மதுரையில் இருந்துகொண்டு என் நாவலைப் போட்ட பதிப்பகத்துக்கு விளம்பர வேலை பார்க்கிற பெண்.

நாவல் எழுத நான்கு வருடம் ஆனது. அதைப் பற்றி ஒரு நிமிடம் பேசச் சொன்னால் வாய் ஒட்டிக்கொள்கிறது. பேண்டேஜ் துணி கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள் நாவல் எழுதியிருக்கிறாள் என்பது ஆபீசில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேர் ஓசியில் கேட்கிறார்கள்.

ஜூன் 11

இவர் பொறுப்பெடுத்துக்கொண்டார். "எழுத வேண்டியதை நீ எழுதிட்ட. மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றார். பட்டாளத்திலிருந்து வந்து மூன்று வருடமாக மில் கேட்டில் செக்யூரிட்டி ஆபீசராக உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு ஒரு போர் கிடைத்துவிட்டது.

காலையில் பதினாலு வாட்ஸப் குரூப்பில் போட்டது இது: 'அனைவருக்கும் வணக்கம். என் துணைவியார் பானுப்பிரியா எழுதிய நாலாம் வரிசைத் தறி என்னும் நாவல் வெளிவந்துள்ளது. ஆளுக்கு ஒரு பிரதி தவறாமல் வாங்கவும். வாங்கியவர்கள் ரிப்போர்ட் செய்யவும். ஜெய்ஹிந்த்.' கூடவே என் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ.

மாலைக்குள் மகாராஜபுரம் பங்காளிகள் குரூப் முழுக்கக் கும்பிட்ட கைகள். ஒருவர் ஆழ்ந்த இரங்கல் என்று போட்டிருந்தார். போட்டோவை மட்டும் பார்த்திருப்பார். அந்தப் போட்டோவைப் பார்த்தால் எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது.

ஜூன் 15 - ஞாயிறு

ரீல்ஸ் எடுத்தோம். பின்னால் மலை தெரிந்தால் நன்றாக இருக்கும் என்று ஹாஜரா சொல்லியிருந்தாள். "செண்பகத்தோப்புக்குப் போயிருவோமா" என்று இவர் வண்டியை எடுத்தார். அங்கே வேண்டாம் என்றேன். மடவார் வளாகம் கோயில் மதிலோரம் வைத்து எடுத்தார்.

"நிமிந்து நில்லு. கையை ஆட்டாத. கேமராவைப் பாத்து கணீர்னு பேசு."

பார்த்தால் கோர்ட்டில் சாட்சி சொல்கிறவள் மாதிரி இருக்கிறேன். அப்படியே போட்டாயிற்று.

செண்பகத்தோப்பு ஏன் வேண்டாம் என்று இவர் கேட்கவில்லை. கேட்கிற ஆளாக இருந்திருந்தால் நான் நாவலே எழுதியிருக்க மாட்டேன்.

ஜூன் 16

நேற்றைய கடைசி வரியை எழுதிவிட்டுத் தூக்கம் வரவில்லை. இங்கேயாவது முழுசாக எழுதுகிறேன்.

2005. ஏழாம் மாதத்தில் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. பையன். இவர் அப்போது அஸ்ஸாமில். அப்பாவும் தம்பியும் எடுத்துப்போய் செண்பகத்தோப்புக்குக் கீழே இருக்கிற எங்கள் தோட்டத்தில் புதைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து இவர் தன் தம்பி கல்யாணத்துக்கு லீவில் வந்தார். பந்தல் வந்ததா என்று கேட்டார், சமையல்காரர் வந்தாரா என்று கேட்டார். பிள்ளையை எங்கே வைத்தீர்கள் என்று கேட்கவில்லை. அப்புறம் யுவராணி பிறந்தாள், வளர்ந்தாள், இப்போது நர்சிங் படிக்க மதுரைக்கும் போய்விட்டாள். இன்றுவரை கேட்கவில்லை.

நாவலில் அது நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். ஊர்ப் பெயரை மாற்றினேன். பட்டாளத்தை வெளியூர் மில் ஆக்கினேன். அவன் கேட்காததை மட்டும் மாற்ற முடியவில்லை.

அந்தப் புத்தகத்தைத்தான் இவர் ஊரெல்லாம் விற்கிறார். ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. இவர் படிக்க வேண்டும் என்று கிடந்து தவிக்கிறேன். படித்துவிடக் கூடாது என்றும்தான்.

ஜூன் 20

மில் கேட்டில் 'பையைத் திறந்து காட்டவும்' போர்டுக்குப் பக்கத்தில் என் நாவலின் க்யூஆர் கோடு ஒட்டியிருக்கிறார். ஷிப்டுக்கு வருகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்களாம்.

ஜூன் 27

ஆன்லைன் கடையில் ஒரே நாளில் இருபதுக்கு மேல் விமர்சனம். எல்லாம் ஐந்து நட்சத்திரம். எல்லாம் ஒரே வாசகம்: 'அருமையான நாவல். அனைவரும் வாங்கிப் படித்துப் பயன்பெறவும். ஜெய்ஹிந்த்.' இவருடைய பழைய பட்டாளத்து குரூப். தமிழே தெரியாத பஞ்சாப்காரர் ஒருவரும் காப்பி எடுத்துப் போட்டிருக்கிறார்.

சாயந்தரம் ஹாஜரா கூப்பிட்டாள். இவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, எல்லாம் ஒரே வார்த்தையா இருக்கவும் போலின்னு தூக்கிட்டாங்க. சார் எழுதுனது ஒண்ணுதான் மிச்சம். இனிமே படிச்சவங்க மட்டும் சொந்த வார்த்தையில எழுதட்டும். சாரையே மொதல்ல படிச்சுட்டு மாத்தி எழுதச் சொல்லுங்களேன்."

"சரிம்மா. படிச்சிருவோம்" என்றார் இவர், மேலிடத்து உத்தரவு வந்த மாதிரி.



ஜூன் 29

ஆரம்பித்துவிட்டார். காலை நடை முடிந்ததும் கண்ணாடி, பென்சில், புத்தகம். அடையாளத்துக்கு கேஸ் ரசீது.

ஜூலை 3

"இந்த சூப்பர்வைசர் உங்க ஆபீஸ் சங்கையாதான?" என்று கேட்டார்.

"எல்லாம் கற்பனைங்க."

"அம்புட்டும் கற்பனையா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோசை கருகிவிட்டது.

ஜூலை 8

ரசீது தொண்ணூற்றேழில் இருக்கிறது. புத்தகத்தை எடுத்து ஒளித்து வைத்துவிடலாமா என்று யோசித்தேன். நாற்பது வயதில் செய்கிற காரியமா அது?

ஜூலை 10

ரசீது நூற்றுப் பன்னிரண்டில்.

காலையில் சாப்பிட்டார். தட்டைக் கழுவி வைத்தார். வேலைக்குப் போனார். எந்த குரூப்பிலும் காலை வணக்கம் இல்லை.

ஜூலை 12

ரசீது அங்கேயே இருக்கிறது. இன்றைக்கும் பதிவு இல்லை. சித்தப்பாவுக்கு உடம்பு சரியில்லையா என்று பங்காளிகள் குரூப்பில் யாரோ கேட்டிருக்கிறார்கள். பதில் போடவில்லை.

ஜூலை 16

சார் ஏன் எதுவும் போடுவதில்லை என்று ஹாஜரா கேட்கிறாள். ஆர்டரும் குறைந்துவிட்டதாம். வேலை அதிகம் என்று சொல்லி வைத்தேன்.

என்னத்தையாவது சொல்லித் தொலைக்க வேண்டியதுதான இந்த மனுஷன்? கோவம்னா கோவம்னு சொல்லட்டும். நம்ம வீட்டுக் கதையை இப்படி ஊருக்கே எழுதி வச்சிருக்கியேன்னு கத்தட்டும். நானும் கத்துவேன்ல. இருபது வருஷமா நான் சேத்து வச்சிருக்கேன் - எம்புட்டு இருக்குன்னு இவருக்குத் தெரியுமா? உப்பு சரியா இருக்கான்னு கேட்டா தலையை ஆட்டுதார். அம்புட்டுதான்.

எழுதியிருக்கக் கூடாதோ?

இல்லை. எழுதியது எழுதியதுதான்.

ஜூலை 17

ஒன்றுமில்லை. மழை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை.

ஜூலை 20 - ஞாயிறு

மத்தியானம் தம்பி பாண்டிச்செல்வம் தோட்டத்திலிருந்து போன் பண்ணினான்.

"அக்கா, மச்சான் வந்துட்டுப் போறாரு. தனியா வந்தாரு. ஏதும் பிரச்சனையா?"

"என்ன கேட்டாரு?"

"எந்த எடம்டான்னு கேட்டாரு. எனக்கு மொதல்ல புரியல. பொறவு புரிஞ்சிருச்சு. கிணத்துக்கு மேக்க அந்த வேம்புகிட்ட கூட்டிட்டுப் போனேன். செத்த நேரம் நின்னாரு. காப்பி குடிங்க மச்சான்னேன், வேண்டாம்னுட்டாரு."

 பிரச்சனை ஒன்றும் இல்லை என்று சொல்லி போனை வைத்தேன்.

இவர் வரும்போது மணி மூன்று. எங்கே போனீர்கள் என்று கேட்டேன். "சும்மா இப்படித்தான்" என்றார். தினமும் பாலிஷ் போடுகிற ஷூவைச் செம்மண்ணோடு வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். நான் அந்த ஷூவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். அழுகை வந்தது. கீரையில் பாதி குப்பையோடு போய்விட்டது.

ஜூலை 22

ரசீது நூற்று நாற்பதில்.

ஜூலை 26

ரசீதைக் காணோம். முடித்துவிட்டார் போல. புத்தகத்தைச் சாமி அலமாரிக்குக் கீழ்த்தட்டில், மிலிட்டரிப் பேப்பர்களோடு வைத்திருக்கிறார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த விஷயத்தில் நானும் ஒன்றும் குறைந்தவள் இல்லை.

ஜூலை 28 - ஆடிப்பூரம்

தேருக்கு லீவு. ரதவீதிக் கூட்டத்தில் போய் நெரிபட வேண்டாம் என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். ஹாஜரா ஒரு லிங்க் அனுப்பியிருந்தாள். 'அக்கா, சார் விமர்சனத்தை மாத்திட்டாங்க. நீங்களே பாருங்க.' வேறு எதுவும் எழுதவில்லை.

திறந்தேன். ஐந்து நட்சத்திரம் அப்படியே இருந்தது. பக்கத்தில் 'திருத்தப்பட்டது' என்று இருந்தது.

'முன்பு படிக்காமல் எழுதியிருந்தேன். அது தவறு. இப்போது முழுவதும் படித்துவிட்டேன். நாவல் நன்றாக உள்ளது. பக்கம் 112இல் வரும் கணவன், பிள்ளையை எங்கே வைத்தீர்கள் என்று மனைவியிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் அவள் அழுவாள், தனக்கும் அழுகை வந்துவிடும் என்று பயந்து இருந்திருப்பான். இருந்தாலும் கேட்டிருக்க வேண்டும். - தங்கப்பாண்டியன், நாயிப் சுபேதார் (ஓய்வு), மகாராஜபுரம்.'

ஜெய்ஹிந்த் இல்லை.

இரண்டு தடவை படித்தேன். உள்ளே இவர் நாளைய டூட்டிக்குச் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்டது. கூப்பிடவில்லை.

விமர்சனத்துக்குக் கீழே, இது உங்களுக்கு உதவியாக இருந்ததா என்று கேட்டிருந்தது. ஆம் என்பதை அழுத்தினேன்.

'ஒருவருக்கு இது உதவியாக இருந்தது' என்று காட்டியது.