கழுத்து வைக்காத கவுனும் என் தம்பி எடுத்த படமும்

அனுப்புநர்:
தரப் பரிசோதகர் (தற்காலிகப் பணிநீக்கத்தில்),
செக்கிங் பிரிவு, ஆயத்த ஆடைத் தொழிற்சாலை.

பெறுநர்:
தொழிலாளர் நல அலுவலர் அவர்கள்.

பொருள்: மூச்சுத் திணறிய சக தொழிலாளியைக் காப்பாற்ற உடையை வெட்டியதற்காக என்னைப் பணிநீக்கம் செய்தது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. என் கூடப் பிறந்த தம்பி திரைப்பட இயக்குநர். ஃபேஷன் தொழிலைக் கிண்டல் செய்து, வசனமே இல்லாமல் ஒரு சோதனைப் படம் எடுத்தார். அதில் ஒரு பெண் தலை நுழைய வழியில்லாத கவுனுக்குள் புகுந்துகொண்டு, கண் தெரியாமல் சுவரில் முட்டி முட்டி நடப்பார். படத்தில் வரும் ஃபேஷன் ஷோவின் முன்வரிசையில் இருப்பவர்கள் அதை மிக உயர்ந்த ரசனை என்று நம்பித் தலையாட்டுவார்கள். அந்தக் கவுனை என் வீட்டு மெஷினில் தைத்துக் கொடுத்தது நான்தான். தலையாட்டியவர்களில் இடமிருந்து இரண்டாவது ஆளும் நான்தான்.

2. எங்கள் தொழிற்சாலைக் கிடங்கில் படமெடுக்க அனுமதி தந்த மரியாதைக்காக முதலாளியையும் படம் பார்க்க அழைத்திருந்தோம். அவர் சிரிக்கவில்லை. கண் கலங்கினார். அடுத்த வாரமே அந்தக் கவுன் எங்கள் தையல் லைனில் ஏறிவிட்டது.

3. மனிதர் போட முடியாத உடையைத் தரத்தில் தேறியதாக அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லை. ஆகவே வந்த பீஸ் அனைத்தையும் ஒதுக்கி வைத்தேன். புரொடக்‌ஷன் மேனேஜர் வந்து, "கழுத்து இல்லாததுதாம்மா இதுல டிசைனே" என்று விளக்கினார். எனக்கு விளங்கவில்லை.

4. அன்று மாலை தம்பியிடம் முறையிட்டேன். "அது கிண்டல்னு நானே போய்ச் சொல்லிட்டு வர்றேன்க்கா, அஞ்சு நிமிஷ வேலை" என்று கிளம்பினார். திரும்பி வரும்போது அவர் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. வடிவமைப்பு ஆலோசகராம். "அவர் ஒருத்தர்தான்க்கா என்னைப் புரிஞ்சுக்கிட்டாரு" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்ததால் முறுக்கிக் கிடந்த அட்டை நாடாவை நேராக்கிவிட்டேன். அவருடைய பள்ளிக்கூடக் கால்சட்டைகளையெல்லாம் தைத்தவள் நான் என்பதையும், அவற்றில் வேண்டிய திறப்புகள் அனைத்தும் இருந்தன என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

5. மொத்தமாக ஆர்டர் தரும் பையர்களுக்கு உடைகளைக் காட்டும் நாளில், வெளியிலிருந்து வந்த மாடல்கள் அந்தக் கவுனைத் தொட மறுத்துவிட்டார்கள். பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தியை உள்ளே விட்டு அடியில் மூடினார்கள். பிசிறு நூல் இருந்தால் வெட்டுவதற்காக நான் மேடை ஓரம் நின்றேன். அவள் நடந்தாள், தடுமாறினாள், ஒரு தூணில் சாய்ந்தாள். நடையே அப்படித்தான் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அக்கா, மூச்சு முட்டுது" என்று உள்ளிருந்து கேட்டது. நான் மேடை ஏறி, அவள் தலையைக் கையால் தடவிப் பார்த்து, நூல் வெட்டும் கத்தரியால் துணியைக் கிழித்தேன். தலை வெளியே வந்தது. முடியெல்லாம் வியர்வையில் ஒட்டிக் கிடக்க, வாய் திறந்து மூச்சை இழுத்தாள்.

பையர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பெரிய ஆர்டரும் கிடைத்தது.

6. அந்த வெட்டு, தான் முன்கூட்டியே யோசித்து வைத்ததுதான் என்று என் தம்பி மேடையில் அறிவித்தார். மறுநாள் எனக்குத் தற்காலிகப் பணிநீக்க மெமோ வந்தது. கம்பெனி உடைமையைச் சேதப்படுத்தியது, அனுமதியின்றி மேடை ஏறியது என இரண்டு குற்றச்சாட்டுகள். கையெழுத்து என் தம்பியுடையது. அன்றும் அவர் சாப்பிட எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். "ஒரு புரொசீஜர்தான்க்கா, மனசுல வச்சுக்காதே" என்றார். குழம்பு ஊற்றினேன். "கூடப் பிறந்தவனே கழுத்தறுத்தா யாருகிட்ட போய்ச் சொல்றது" என்றார் என் கணவர். அவர் சிலேடையாகச் சொல்லவில்லை.

7. இனித்தான் முக்கியமான விஷயம். வரும் வெள்ளிக்கிழமை இன்னும் பெரிய அரங்கில் மறுபடியும் காட்சி நடக்கிறது. அதே பேக்கிங் பெண்தான் உள்ளே போக வேண்டும். மறுத்தால் வேலை போய்விடும் என்று சொல்லியிருக்கிறார்கள். இம்முறை கவுனை வெட்டப்போவது என் தம்பி. நேற்று அந்தப் பெண் என் வீட்டு வாசல்வரை வந்து, "நீங்க பக்கத்துல இருக்கீங்கன்னாத்தான்க்கா நான் உள்ள போவேன்" என்று அழுதுவிட்டுப் போனாள்.

8. ஐயா, அந்தக் கவுனுக்குள் ஆளின் கழுத்து எங்கே இருக்கிறது என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. என் தம்பிக்குக் கத்தரி பிடித்துப் பழக்கமில்லை.

எனவே, அந்தக் காட்சியைத் தடுத்து நிறுத்தி, என் பணிநீக்கத்தையும் விசாரித்து ரத்து செய்யுமாறு வேண்டுகிறேன். விசாரணை முடியத் தாமதமாகுமானால் அது இருக்கட்டும். வெள்ளிக்கிழமை ஒருநாள் மட்டும் மேடை ஓரத்தில் நிற்க எனக்கு அனுமதி வாங்கித் தாருங்கள். கத்தரி நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
தரப் பரிசோதகர்

இடம்: தொழிற்சாலை வாசலுக்கு வெளியே
நாள்: திங்கட்கிழமை