ஓரகத்தியின் டிராக்டர்

நேற்று மதுரையில் காளவாசல் பக்கம் ஒரு டிராக்டர் கடைக்குள் காலை வைத்ததும் புது டயர் வாசனை மூக்கில் ஏறியது. உடனே உன் ஞாபகம் வந்தது, கூடவே வயிற்றெரிச்சலும் வந்தது. நீ போய் ஒன்றரை வருடம் ஆகப்போகிறது. செத்துப்போனவள்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா என்று கேட்காதே. நான் படுகிறேன். ஓரகத்திகளுக்குள் இதற்கெல்லாம் ஓய்வு ஏது?

கடையில் இருந்தவர் என் கழுத்தையும் கையையும் பார்த்துவிட்டு நேராகப் பெரிய வண்டிகள் நிற்கிற பக்கம் கூட்டிப்போனார். ஐம்பது எச்.பி., அறுபது எச்.பி. என்று அடுக்கினார். நான் ஒரு சக்கரத்தின் வெளி விளிம்பிலிருந்து மறு சக்கரத்தின் வெளி விளிம்பு வரை எத்தனை அடி, வரப்போரம் திருப்ப எவ்வளவு இடம் வேண்டும், ஈரத்தில் இறங்கினால் மண்ணை எவ்வளவு அமுக்கும் என்று கேட்டேன். அவர் கையிலிருந்த வழவழப்பான தாளைக் கீழே வைத்தார்.

"யாருகிட்டம்மா கேட்டுட்டு வந்தீங்க?"

"என் ஓரகத்திகிட்ட" என்றேன். பொய்தான். உன்னிடம் நான் எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துப் பார்த்துத் திருடிக்கொண்டதுதான் எல்லாம்.

மாமனார் சமயநல்லூர்த் தோப்பை ஆளுக்கு ஒன்றேகால் ஏக்கராகப் பிரித்துக் கொடுத்தபோது, மூத்த மருமகள் என்று பழைய வீடும் அதன் பின்னால் இருந்த பாதித் தோப்பும் எனக்கு வந்தன. மீதியில் நீயும் உன் வீட்டுக்காரரும் புது வீடு கட்டிக்கொண்டீர்கள். நடுவே நெஞ்சுயரச் சுவர். இரண்டு பக்கமும் தென்னை, இடையிடையே எலுமிச்சை. என் வீட்டுக்காரருக்கு மதுரையில் ஆபீஸ், உன் வீட்டுக்காரருக்கு ரோட்டோரம் இரும்புக் கடை. ஐப்பசி மழை பெய்தால் முழங்கால் உயரத்துக்கு வருகிற புல்லும், புல்லுக்குள் இருக்கிற பாம்பும் நம் இருவர் தலையில்தான். வாடகை டிராக்டர்காரர்களுக்கு ஒன்றேகால் ஏக்கர் ஒரு பொருட்டே இல்லை. பெரிய வயல்களை முடித்துவிட்டு வாரேன் என்பார்கள். அவர்கள் வரும்போது புல் விதை கொட்டி முடித்திருக்கும்.

சொந்தமாக ஒரு வண்டி வாங்கலாம் என்று முதலில் சொன்னது நீ. அதிலேயே எனக்குக் கோபம். நான் மதுரை வில்லாபுரத்தில் பிறந்து பி.ஏ. முடித்தவள். நீ மேற்கே ஏதோ ஒரு ஊரில் பத்தாவது ஃபெயில் ஆனவள். யோசனை எனக்குத்தான் முதலில் வந்திருக்க வேண்டும். "ரெண்டு தோப்புக்கும் சேத்து ஒரு வண்டி போதும்க்கா" என்று வேறு சொன்னாய். உன் வீட்டு வாசலில் வந்து நான் வண்டிக்குக் கை கட்டி நிற்க வேண்டும் என்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பிறகு ஒரு மாதம் நீ செய்த கூத்தை மறக்க முடியாது. கடையில் வண்டியின் அகலத்தைக் கேட்டு வந்து, அந்த நீளத்துக்கு ஒரு மூங்கிலை வெட்டி, அதை வயிற்றுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு மரத்துக்கு மரம் நடந்தாய். மூங்கில் நுனி எலுமிச்சைக் கொப்பில் இடித்தால் நின்று, மேலேயும் கீழேயும் பார்த்து, வேறு அளவில் இன்னொன்று வெட்டுவாய். வரிசை முடிகிற இடத்தில் மூங்கிலோடு அரைவட்டம் அடித்துத் திரும்புவாய். சாமி வந்தவள் மாதிரி இருக்கிறது என்று நான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரிக்காமல், "வெவரமாத்தான் செய்யிறா" என்றார். அன்று அவருக்குக் குழம்பில் உப்பு கூடிப்போனது தற்செயல் இல்லை.

கடைசியில் நீ கொண்டுவந்தது பதினெட்டு எச்.பி. வண்டி. மூன்றரை அடிக்கும் குறைவான அகலம். பக்கத்தில் நின்றால் என் தோளுக்குத்தான் வந்தது. பொம்மை என்று ஊரே சிரித்தது, அதில் என் சிரிப்புதான் சத்தமாக இருந்தது. உன் வீட்டுக்காரரின் பழைய சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நீயே ஏறி உட்கார்ந்து ஓட்டியபோது சிரிப்பு அடங்கிவிட்டது. உன் தோப்பை முடித்த மறுநாள் காலையில், சொல்லாமல் கொள்ளாமல் என் வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே இருக்கிற சந்து வழியாக வண்டியை உள்ளே விட்டாய். இரண்டு பக்கமும் சுவர் முழங்கையை உரசுகிற மாதிரி இருந்தது. மதியத்துக்குள் என் தோப்பு சீவிவிட்ட தலைபோல் ஆகிவிட்டது. ஒரு கொப்பு ஒடியவில்லை. என் வீட்டுக்காரர் உனக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "நம்ம வீட்டு ஆம்பளைக ஒருத்தனுக்கும் இந்தப் பொறுமை கெடையாது" என்று என் முன்னாலேயே சொன்னார். காப்பி போட்டது நான்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நாற்பத்தைந்து எச்.பி. வண்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. இதை நான் இதுவரை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. ஒரு மாதம் பேசாமல் இருந்து, சாப்பிடாமல் இருந்து, சாதித்து வாங்கினேன். மாலை போட்டு, சந்தனம் தெளித்து, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தெரு முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தேன். வண்டி முன்கேட்டைத் தாண்டியது. சந்துக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. அத்தனை கடை ஏறி இறங்கினேன், நிறம் பார்த்தேன், ஹாரன் சத்தம் பார்த்தேன், என் வீட்டுச் சந்தின் அகலத்தைப் பார்க்கவில்லை. பொங்கலைக் கையில் வைத்துக்கொண்டு தெருவே நின்றது. நீ வாயைத் திறந்தாய், என் முகத்தைப் பார்த்தாய், மூடிக்கொண்டாய். சிரித்திருந்தால்கூட ஆறியிருப்பேன்.

பின்பக்கக் காம்பவுண்டை இடித்துத்தான் அந்த வண்டியைத் தோப்புக்குள் இறக்கினோம். எனக்கு ஓட்டத் தெரியாது. டிரைவருக்கு நேரம் கிடைத்த நாளில் வருவார், அது மழைக்கு மறுநாளாக இருக்கும். முதல் நாளே இரண்டு எலுமிச்சை வேரோடு வந்தன. சொட்டுநீர்க் குழாய் நசுங்கியது. சக்கரம் போன தடத்தில் ஒரு வாரம் தண்ணீர் நின்று கொசு அடைந்தது. நீ சுவரோரம் வந்து நின்று, "ஈரம் காயட்டும்க்கா. அதுவரைக்கும் ஓரத்த மட்டும் நான் வந்து அடிச்சுத் தாரேன்" என்றாய். உன் குரலில் ஒரு துளி கேலி இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஒன் பொம்ம வண்டி இனிமே என் எடத்துல எறங்கக் கூடாது" என்றேன்.

"சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

அதற்குப் பிறகு நான்கு வருடம். விசேஷ வீடுகளில் வாங்க, சாப்பிட்டீங்களா என்பதோடு சரி. காலையில் உன் வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்துவேன். சாத்திவிட்டு, வெயிலுக்காகச் சாத்தினேன் என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். பள்ளிக்கூடம் போகிற பெண் பிள்ளைகள் உனக்குக் கை காட்டுவார்கள், எனக்குக் காட்டமாட்டார்கள். மகளிர் குழுக் கூட்டத்தில் எந்த வண்டி வாங்கலாம் என்று பேச உன்னைக் கூப்பிட்டார்கள். நான் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து உன் பேச்சில் தப்புக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். "வண்டியப் பாக்காதீங்க, மொதல்ல ஒங்க எடத்தப் பாருங்க" என்றாய். என்னைத்தான் சொல்கிறாய் என்று முகம் எரிந்தது. நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

போன வருடம் ஒரு வாரக் காய்ச்சலில் நீ போய்விட்டாய். ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தவர்களுக்கு உட்கார இடமில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தபோது தெரு கொள்ளவில்லை. எந்தெந்த ஊர்ப் பெண்களோ வந்து மாரடித்து அழுதார்கள். உன் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என் சாவுக்கு இம்புட்டுப் பேர் வருவார்களா என்று. எண்ணக்கூடச் செய்தேன். இதை எழுதக் கூசுகிறது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

பெரிய வண்டியைப் போன மாதம் விற்றுவிட்டோம். இடித்த சுவரையும் கட்டிவிட்டோம். புல் மறுபடி முழங்காலுக்கு வந்துவிட்டது. அதற்காகத்தான் நேற்று கடைக்குப் போனேன். சின்ன வண்டிகள் நன்றாகத்தான் இருந்தன. என்றாலும் ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் காரணம் புரிந்தது. எனக்கு வேண்டியது உன் வண்டி. உயிரோடு இருந்தவரை நீ வைத்திருந்த எதுவும் எனக்கு வேண்டியிருந்தது, இப்போது மட்டும் என்ன மாறிவிடப்போகிறது? வீட்டுக்குப் போகாமல் நேராக உன் வீட்டுக்குப் போனேன்.

கொழுந்தனார் வாசலில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வலி அவரை வண்டியில் ஏறவிடுவதில்லை. உன் வண்டி தார்ப்பாய்க்குள் கிடந்தது. கேட்பதைக்கூட நான் ஒழுங்காகக் கேட்கவில்லை. சும்மாதானே கிடக்கிறது, அவளுக்கும் கடையில் வேறு பெரிய வண்டி கிடைக்காமல்தானே இதை எடுத்தாள், கொடுத்துவிடுங்கள் என்றேன். கேட்கப் போன இடத்திலும் உன்னை ஒரு படி கீழே இறக்கிவிட்டுத்தான் என்னால் கேட்க முடிந்தது.

அவர் தார்ப்பாயைப் பார்த்தபடி சொன்னார்.

"அவ ஆசப்பட்டது இருபத்தெட்டு எச்.பி. வண்டி, மதினி. எங்க எடத்துக்கு அது தாராளமாப் போகும். மூங்கியப் புடிச்சு அளந்து முடிச்சுட்டா. முன்பணம்கூடக் குடுக்கப் போயிட்டா. பாதி வழியில திரும்பி வந்து, அக்கா வீட்டுச் சந்துல அது நொழையாதுங்கன்னா. ஒங்களுக்கும் சேத்துத்தான் இத எடுத்தா."

அதை ஏன் அவள் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வண்டி வந்த அன்று நான் சிரித்த சிரிப்பில் அதைச் சொல்ல உனக்கு எங்கே இடம் இருந்தது? கொழுந்தனாரும், "சொன்னா ஒங்களுக்குச் சங்கடமாப் போயிரும்னுட்டா" என்றார். நாளைக்கு வண்டியைக் கழுவி அனுப்பிவைப்பதாகச் சொன்னார். சரி என்றேனா, வேண்டாம் என்றேனா என்று நினைவில்லை.

வீட்டுக்கு வந்தும் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். உன் தோப்பு பச்சையாக இருக்கிறதா, உன் எலுமிச்சை எத்தனை மூட்டை போகிறது, யார் உனக்குக் கை காட்டுகிறார்கள் என்று சுவருக்கு இந்தப் பக்கம் நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை நாளும், உனக்குப் பிடித்ததை எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டு, என் இடத்தில் இறங்கக் கூடாது என்று நான் சொன்ன அதே வண்டியில் நீ உழுதுகொண்டிருந்திருக்கிறாய். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பழைய பொறாமைதான் வந்தது, முன்னைவிட அதிகமாக.

டிராக்டர், தோப்பு, ஊர்ப் பேச்சு, இதன்மேல் எல்லாம் பட்ட பொறாமையை நான் சமாளித்துக்கொள்வேன். அவற்றை எப்படியாவது வாங்கிவிடலாம் என்றொரு நம்பிக்கை உள்ளே இருந்துகொண்டே இருந்தது. இந்தப் பொறாமைக்கு அந்த நம்பிக்கை இல்லை. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் ஆசைப்பட்ட பெரிய வண்டியை வாங்கியிருப்பேன். உன் வீட்டில் ஒரு சந்து இருக்கிறது என்பதே என் நினைவுக்கு வந்திருக்காது. அது எனக்கு நன்றாகத் தெரிகிறது. நீ எனக்கு விட்டுப்போனது அந்தத் தெரிதல்தான், அதை வைத்துக்கொண்டுதான் மிச்ச நாளை நான் ஓட்ட வேண்டும்.